நாணயத்தில் பெயர் பதித்த பேரரசி: நூர்ஜஹானின் 16 ஆண்டு அதிகாரமும் 18 ஆண்டு மௌனமும்

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்ரா, லாகூர், சூரத், அகமதாபாத், பாட்னா ஆகிய நகரங்களின் நாணயச் சாலைகளில் அடிக்கப்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் சிலவற்றில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் பெயருடன் ஒரு பெண்ணின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது. நூர்ஜஹான் பாதுஷா பேகம் என்பதே அந்தப் பெயர். முகலாய அரச குலத்தில் பிறந்த இளவரசிகளுக்கும், பட்டத்து இளவரசர்களைப் பெற்ற அரசியருக்கும் கிடைக்காத அந்தப் பெருமை, ஈரானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு குடும்பத்தின் மகளுக்குக் கிடைத்தது. முதல் கணவரை இழந்து, ஒரு பெண் குழந்தையுடன் அந்தப்புரத்தில் அடைக்கலம் புகுந்தவர் அவர்.

நூர்ஜஹானின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு காதல் கதையாகவே திரைப்படங்களிலும் நாடகங்களிலும் சொல்லப்பட்டு வந்துள்ளது. ஆனால் அவர் பெயரில் வெளியான அரசாணைகளும் காசுகளும், அவர் எழுப்பிய கட்டடங்களும் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன. திரைக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் எவ்வளவு தொலைவு செல்ல முடிந்தது, எந்த இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார் என்பதே அந்த வரலாறு.

கந்தகாரில் பிறந்த மகள்

நூர்ஜஹானின் இயற்பெயர் மெஹருன்னிசா. அவருடைய தந்தை கியாஸ் பேக், தாய் அஸ்மத் பேகம். ஈரானில் உயர் பதவிகளை வகித்த குடும்பத்தைச் சேர்ந்த கியாஸ் பேக், செல்வாக்கை இழந்த நிலையில் மனைவி, குழந்தைகளுடன் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். வழியில் கொள்ளையர்களிடம் உடைமைகளைப் பறிகொடுத்த அக்குடும்பம் கந்தகாரை அடைந்தபோது, 1577ஆம் ஆண்டில், மெஹருன்னிசா பிறந்தார். வறுமையின் காரணமாகக் குழந்தையைப் பெற்றோர் வழியிலேயே விட்டுச் சென்றதாகவும், வணிகர் ஒருவர் மீட்டுத் தந்ததாகவும் கூறப்படும் கதை பிற்கால எழுத்தாளர்களால் பெரிதாக வளர்க்கப்பட்டது.

அக்பரின் அரசவையில் பணியில் சேர்ந்த கியாஸ் பேக், கணக்கு வழக்குகளில் தமக்கிருந்த தேர்ச்சியால் படிப்படியாக உயர்ந்தார். காபூல் மாகாணத்தின் திவானாகவும் அவர் பணியாற்றினார். பாரசீக மொழியும் இலக்கியமும் புழங்கிய அந்த வீட்டில் வளர்ந்த மெஹருன்னிசாவுக்கு 1594ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது. மணமகன் அலி குலி பேக். ஈரான் மன்னரிடம் உணவு பரிமாறும் பணியாளராக இருந்து, பின்னர் இந்தியா வந்து முகலாயப் படையில் சேர்ந்தவர். பின்னாளில் ஜஹாங்கீர் என்ற பெயருடன் அரியணை ஏறிய இளவரசர் சலீம், அவருடைய வீரத்தைப் பாராட்டி ஷெர் ஆஃப்கன் என்ற பட்டத்தை அளித்தார்.

இருண்ட ஆண்டு 1607

1605ஆம் ஆண்டில் அக்பர் மறைந்து ஜஹாங்கீர் பேரரசரானதும், கியாஸ் பேக்கிற்கு இதிமாத் உத் தௌலா, அதாவது அரசின் நம்பிக்கைத் தூண், என்ற பட்டம் வழங்கப்பட்டது. ஷெர் ஆஃப்கனுக்கு வங்காளத்தின் பர்த்வானில் ஜாகிர் நிலம் கிடைத்தது. ஆனால் 1607ஆம் ஆண்டு அக்குடும்பத்தை நிலைகுலையச் செய்தது.

ஜஹாங்கீரைக் கொன்று அவருடைய மூத்த மகன் குஸ்ருவை அரியணையில் அமர்த்த நடந்த சதியில் பங்கேற்றதற்காக, மெஹருன்னிசாவின் சகோதரர் முகமது ஷரீஃப் மரண தண்டனைக்கு உள்ளானார். தந்தை கியாஸ் பேக்கும் காவலில் வைக்கப்பட்டார். அதே ஆண்டில் வங்காள ஆளுநர் குத்புதீன் கான் கோகா, ஷெர் ஆஃப்கனை விசாரிக்க பர்த்வானுக்குச் சென்றார். இருவருக்கும் இடையே ஏற்பட்ட மோதலில் ஆளுநரை ஷெர் ஆஃப்கன் வாளால் வெட்டினார். ஆளுநரின் ஆட்கள் ஷெர் ஆஃப்கனை அந்த இடத்திலேயே கொன்றனர்.

மெஹருன்னிசாவை அடைவதற்காக ஜஹாங்கீரே இந்தக் கொலைக்குத் திட்டமிட்டார் என்ற கதை பிற்காலத்தில் பரவியது. சமகால ஆவணங்களில் அதற்கு ஆதாரம் இல்லை. கொல்லப்பட்ட ஆளுநர் பேரரசரின் பாலூட்டுத் தாயின் வழியில் சகோதர உறவு கொண்டவர். ஜஹாங்கீர் தமது நினைவுக் குறிப்புகளில் அவருக்காகவே வருந்துகிறார். ஷெர் ஆஃப்கன் இறந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே மெஹருன்னிசாவின் மறுமணம் நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

சுவர்களுக்குள் ஒரு நகரம்

கணவரை இழந்த மெஹருன்னிசா, மகள் லாட்லியுடன் ஆக்ராவுக்கு அழைத்து வரப்பட்டார். அக்பரின் மூத்த விதவையான ருகையா சுல்தான் பேகத்தின் பணிப்பெண்ணாக அந்தப்புரத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

முகலாய அந்தப்புரம் பலரும் கற்பனை செய்வதுபோல் வெறும் கேளிக்கைக் கூடம் அல்ல. பேரரசரின் மனைவியரோடு தாய், பாட்டி, அத்தை, சகோதரிகள், மகள்கள், முந்தைய அரசரின் விதவைகள், செவிலித் தாயர், பணிப்பெண்கள், எழுத்தர்கள், காவலர்கள் எனப் பல தலைமுறைப் பெண்கள் வாழ்ந்த தனி உலகம் அது. அக்பர் காலத்தில் அங்கு 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்ததாக அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் பதிவு செய்துள்ளார். ஒவ்வொருவருக்கும் தனி இருப்பிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்ட அந்தப்புரத்தைப் பெண் தாரோகாக்கள் மேற்பார்வையிட்டனர்.

உயர்நிலைப் பெண்களுக்கு மாதம் 1,028 ரூபாய் முதல் 1,610 ரூபாய் வரை ஊதியம் வழங்கப்பட்டது. கீழ்நிலைப் பணியாளர்கள் சிலரின் மாத ஊதியம் 2 ரூபாயாக மட்டுமே இருந்தது. ஒரு பெண் தமது ஊதிய வரம்புக்குள் ஏதேனும் பொருள் கேட்டால், அந்தப்புரக் காசாளரிடம் முறையிட வேண்டும். காசாளர் அனுப்பும் குறிப்பை எழுத்தர் சரிபார்த்த பிறகே கருவூலத்திலிருந்து பணம் வெளியே வரும். காவலும் அதே ஒழுங்குடன் அமைந்திருந்தது. உட்புறத்தில் பெண் காவலர்கள், அடுத்த வளையத்தில் திருநங்கைக் காவலர்கள், அதற்கும் வெளியே ராஜபுத்திர வீரர்கள், கடைசியில் வாயிற்காவலர்கள் என அடுக்கடுக்காகக் காவல் நின்றது.

கணக்கும் படிநிலையும் கட்டுப்பாடும் நிறைந்த அந்த நிர்வாகத்துக்குள் மெஹருன்னிசா நான்கு ஆண்டுகளைக் கழித்தார். திவானின் மகளாகப் பிறந்தவருக்கு அது அன்னியமான சூழலாக இருந்திருக்க முடியாது.

நூர்மஹால் முதல் நூர்ஜஹான் வரை

1611ஆம் ஆண்டு மே மாதம் ஜஹாங்கீர் மெஹருன்னிசாவை மணந்தார். அப்போது மணமகளுக்கு வயது 34. பேரரசருக்கு வயது 41. பல மனைவியர் இருந்த அரசவையில், அவர் கடைசியாக மணந்த பெண் இவரே எனக் கருதப்படுகிறது. இத்திருமணத்தின் வழியாக இருவருக்கும் குழந்தை பிறக்கவில்லை. வாரிசைப் பெற்றுத் தருவதே அரசியரின் செல்வாக்குக்கு வழக்கமான வழியாக இருந்த காலத்தில், அந்த வழி இல்லாமலேயே அவர் உயர்ந்தார்.

முதலில் அரண்மனையின் ஒளி எனப் பொருள்படும் நூர்மஹால் என்ற பட்டமும், 1616ஆம் ஆண்டில் உலகின் ஒளி எனப் பொருள்படும் நூர்ஜஹான் என்ற பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. தந்தை இதிமாத் உத் தௌலா பேரரசின் தலைமை அமைச்சர் நிலைக்கு உயர்ந்தார். அண்ணன் ஆசஃப் கான் அரசவையின் முக்கியப் பிரமுகரானார். தாய் அஸ்மத் பேகம், பன்னீர் காய்ச்சும்போது மேலே படியும் எண்ணெயைச் சேகரித்து ரோஜா அத்தரைத் தயாரித்ததாக ஜஹாங்கீர் எழுதியுள்ளார். அதற்கு மகிழ்ந்து முத்துமாலை ஒன்றையும் அவர் பரிசளித்தார்.

நூர்ஜஹானின் துப்பாக்கித் திறனையும் பேரரசரின் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. 1617ஆம் ஆண்டில் யானை மீதிருந்த அம்பாரியிலிருந்து ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை அவர் வீழ்த்தினார். ஆடி அசையும் யானையின் மீதிருந்து ஒரு குண்டும் குறி தவறாமல் சுட்டதைக் கண்டு வியந்த ஜஹாங்கீர், 1,000 பொற்காசுகளை அவர் மீது தூவி, ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள வைரக் காப்புகளையும் பரிசளித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மதுரா அருகே மக்களை அச்சுறுத்திய புலி ஒன்றைக் கொல்ல வேண்டியிருந்தது. உயிர்களைத் தம் கையால் கொல்வதில்லை என்று ஜஹாங்கீர் அப்போது உறுதி பூண்டிருந்தார். அந்தப் புலியை ஒரே குண்டில் வீழ்த்தியவர் நூர்ஜஹான்.

மது, அபினிப் பழக்கத்தால் ஜஹாங்கீரின் உடல்நலம் தொடர்ந்து குன்றியது. மருத்துவர்களின் முயற்சி பயனளிக்காத நிலையில், மனைவியே மதுவின் அளவைக் குறைத்துத் தம்மைத் தேற்றியதாக அவர் எழுதுகிறார். பேரரசரின் உடல் தளரத் தளர, நிர்வாகத்தின் சுமை நூர்ஜஹானின் கைகளுக்கு மாறியது.

அரசாணை, வரி, வணிகம்

நூர்ஜஹான் தமது முத்திரையுடன் ஃபர்மான்கள் எனப்படும் அரசாணைகளைப் பிறப்பித்தார். மாடத்தில் அமர்ந்து பிரபுக்களின் மரியாதையை ஏற்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அரசரின் பெயரைச் சொல்லி ஓதப்படும் குத்பா உரை மட்டுமே அவருடைய பெயரில் நிகழவில்லை. இறையாண்மையின் மற்ற அடையாளங்கள் ஏறக்குறைய அனைத்தும் அவரிடம் இருந்தன.

அவருடைய செல்வாக்குக்குப் பின்னால் சொந்த வருவாயும் இருந்தது. ஆக்ராவுக்கு எதிரே யமுனையின் மறுகரையில் இருந்த சிக்கந்தராவில் அவர் ஒரு சராய், அதாவது வழிப்போக்கர் விடுதி, கட்டினார். கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்த சரக்குகள் ஆற்றைக் கடப்பதற்கு முன்பு, அங்கே அவருடைய அதிகாரிகள் சுங்கம் வசூலித்தனர். துணி முதல் தானியம், வெண்ணெய் வரை எதுவும் அதற்கு விலக்கல்ல என்பதை அக்காலத்தில் ஆக்ராவில் தங்கியிருந்த டச்சு வணிகர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட் பதிவு செய்துள்ளார். வணிக உரிமை கோரி இங்கிலாந்து அரசரின் தூதராக வந்த சர் தாமஸ் ரோவும், அரசவையில் காரியம் நடக்க வேண்டுமானால் நூர்ஜஹானின் தரப்பைக் கடந்து செல்ல முடியாது என்பதை விரைவில் உணர்ந்தார்.

பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்தில் உள்ள நூர்மஹால் நகரில் அவர் கட்டச் செய்த மற்றொரு சராய் இன்றும் நிற்கிறது. 1618 முதல் 1620 வரை எழுப்பப்பட்ட அதன் மேற்கு வாயில், செந்நிற மணற்கல் சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. ஸ்ரீநகரில் ஜீலம் நதிக்கரையில் உள்ள பத்தர் மசூதியும் நூர்ஜஹான் கட்டியதே.

தாய் 1621ஆம் ஆண்டிலும், தந்தை 1622ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அடுத்தடுத்து மறைந்தனர். மறைந்த அமைச்சரின் சொத்துகளையும் நிர்வாகத்தையும் மகனுக்கு அளிக்காமல் மகளுக்கே அளித்தார் ஜஹாங்கீர். பேரரசரின் முரசுக்கு அடுத்ததாக நூர்ஜஹானின் முரசு முழங்க வேண்டும் என்றும் அவர் ஆணையிட்டார்.

பெற்றோருக்காக ஆக்ராவில் யமுனைக் கரையில் நூர்ஜஹான் எழுப்பிய கல்லறை 1628ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. முழுவதும் வெண்பளிங்கால் போர்த்தப்பட்டு, வண்ணக் கற்களை இழைத்து அலங்கரிக்கப்பட்ட அந்தக் கட்டடம் முகலாயக் கட்டடக் கலையைப் புதிய திசைக்குத் திருப்பியது. அதே நதிக்கரையில் சில ஆண்டுகளுக்குப் பின் தொடங்கப்பட்ட தாஜ்மஹாலுக்கு முன்னோடியாக அறிஞர்கள் அதனைக் கருதுகின்றனர். சுற்றுலாப் பயணிகள் அதனைக் குட்டி தாஜ் என்றே அழைக்கின்றனர்.

அண்ணன், தங்கை, இரு மருமகன்கள்

நூர்ஜஹானின் உயர்வுக்குத் துணை நின்ற குடும்பமே அவருடைய வீழ்ச்சிக்கும் காரணமானது. ஆசஃப் கானின் மகள் அர்ஜுமந்த் பானு 1612ஆம் ஆண்டில் ஜஹாங்கீரின் மகன் குர்ரமை மணந்தார். பின்னாளில் மும்தாஜ் மஹால் எனப் புகழ்பெற்றவர் அவரே. 1617ஆம் ஆண்டில் தக்காண வெற்றியுடன் திரும்பிய குர்ரமுக்கு ஷாஜஹான் என்ற பட்டம் கிடைத்தபோது, நூர்ஜஹான் 3 லட்சம் ரூபாய் செலவில் விருந்தளித்துக் கொண்டாடினார். அதுவரை அத்தையும் மருமகளும் அவருடைய கணவரும் ஒரே அணியில் இருந்தனர்.

1621ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. முதல் கணவர் வழியில் பிறந்த ஒரே மகள் லாட்லியை, ஜஹாங்கீரின் இளைய மகன் ஷஹ்ரியாருக்கு நூர்ஜஹான் மணமுடித்து வைத்தார். ஷாஜஹான் அரியணை ஏறினால் தமக்கு அங்கே இடம் இருக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஜஹாங்கீரின் உடல்நிலையோ நாளுக்கு நாள் மோசமானது. கணவருக்குப் பின்னும் அதிகாரம் தொடர வேண்டுமானால், மருமகன் அரசனாவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. ஆசஃப் கானுக்கும் அதே கணக்கு இருந்தது. ஆனால் அவருடைய மருமகன் ஷாஜஹான்.

1622ஆம் ஆண்டில் ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் கந்தகாரைக் கைப்பற்றினார். அதனை மீட்கச் செல்லுமாறு வந்த ஆணையை ஷாஜஹான் தட்டிக் கழித்தார். தாம் கேட்டிருந்த தோல்பூர் ஜாகிர் ஷஹ்ரியாருக்கு அளிக்கப்பட்டதும் பகை வெளிப்படையானது. தந்தைக்கு எதிராக ஷாஜஹான் நடத்திய கலகம் தோல்வியில் முடிந்தது. 1626ஆம் ஆண்டில் பணிந்த அவர், தமது மகன்கள் தாராவையும் அவுரங்கசீப்பையும் பிணையாக அரசவைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

ஜீலம் நதிக்கரையில்

ஷாஜஹானின் கலகத்தை அடக்கியவர் தளபதி மகபத் கான். அவருடைய வளர்ச்சியும் அரசவையில் அச்சத்தை ஏற்படுத்தியது. கணக்குகளை ஒப்படைக்குமாறு நெருக்கடி தரப்பட்டதால் ஆத்திரமடைந்த அவர், 1626ஆம் ஆண்டில் சில ஆயிரம் ராஜபுத்திர வீரர்களுடன் ஜீலம் நதிக்கரையில் அரச முகாமைச் சூழ்ந்தார். படையின் பெரும்பகுதி ஏற்கெனவே ஆற்றைக் கடந்திருந்தது. பாதுகாப்பின்றி இருந்த ஜஹாங்கீர் சிறைப்பிடிக்கப்பட்டார்.

நூர்ஜஹான் மாறுவேடத்தில் ஆற்றைக் கடந்து தப்பினார். மறுகரையில் அண்ணன் உள்ளிட்ட பிரபுக்களைக் கூட்டி, பேரரசரைக் காக்கத் தவறியதற்காக அவர்களைக் கடிந்துகொண்டார். மறுநாள் பேரரசரை மீட்கப் படை ஆற்றில் இறங்கியது. பாலம் எரிக்கப்பட்டிருந்தது. ஆழம் தெரியாத நீரில் அணிவகுப்பு சிதறியது. நூர்ஜஹானும் யானை மீதேறி ஆற்றில் இறங்கினார். பாய்ந்து வந்த அம்புகளில் ஒன்று அவருடன் அம்பாரியில் இருந்த பெண்ணின் கையில் தைத்தது. யானையும் காயமடைந்தது. தாக்குதல் தோற்றது. ஆசஃப் கான் அட்டோக் கோட்டைக்குத் தப்பியோடினார். நூர்ஜஹானோ தாமாகவே சென்று சரணடைந்து, சிறையிருந்த கணவருடன் சேர்ந்துகொண்டார்.

பேரரசரைத் தம் பிடியில் வைத்தபடி மகபத் கான் காபூல் வரை சென்றார். அந்த மாதங்களில் நூர்ஜஹான் ஓசையின்றி ஆட்களைத் திரட்டினார். திரும்பும் வழியில், ரோத்தாஸ் அருகே, பேகத்தின் படைகளைப் பேரரசர் பார்வையிடப் போவதால் ஒரு நாள் விலகியிருக்குமாறு மகபத் கானுக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. நிலைமை கைமீறியதை உணர்ந்த தளபதி முகாமை விட்டு விலகினார். பெரிய போர் ஏதுமின்றிப் பேரரசர் விடுதலையானார்.

ஒரே நாளில் கலைந்த அதிகாரம்

1627ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, காஷ்மீரிலிருந்து லாகூருக்குத் திரும்பும் வழியில் ஜஹாங்கீர் காலமானார். நூர்ஜஹான் பிரபுக்களை ஆலோசனைக்கு அழைத்தார். எவரும் வரவில்லை. ஆசஃப் கான் தங்கையைக் காவலில் வைத்தார். அவருடைய பொறுப்பில் இருந்த ஷாஜஹானின் மகன்களையும் தம் வசம் எடுத்துக்கொண்டார். பனாரசி என்ற தூதரிடம் தமது முத்திரை மோதிரத்தைக் கொடுத்து, தக்காணத்தில் இருந்த மருமகனிடம் விரைந்து அனுப்பினார். ஷாஜஹான் வந்து சேரும் வரை, குஸ்ருவின் மகன் தாவர் பக்ஷ் பெயரளவில் அரசராக்கப்பட்டார்.

லாகூரில் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட ஷஹ்ரியார் எளிதில் தோற்கடிக்கப்பட்டு, கண்கள் குருடாக்கப்பட்டார். 1628ஆம் ஆண்டு ஜனவரியில் அவரும் தாவர் பக்ஷும் அரச குலத்தின் மற்ற ஆண்கள் சிலரும் ஷாஜஹானின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். லாட்லியும் தாயைப் போலவே இளம் வயதில் விதவையானார்.

நூர்ஜஹானின் அதிகாரம் உண்மையானது. ஆனால் அது கணவரின் உயிரோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆணைகளும் முத்திரைகளும் காசுகளும் சுங்கச் சாவடிகளும் இருந்தும், பேரரசரின் மூச்சு நின்ற நாளில் ஒரு படைப்பிரிவைக்கூட அவரால் நகர்த்த இயலவில்லை. பிற்காலத் தலைமுறைகள் அவரை அறிந்த விதத்தையும் வெற்றி பெற்றவர்களே தீர்மானித்தனர். ஷாஜஹான் ஆட்சியில் எழுதப்பட்ட வரலாறுகள், ஜஹாங்கீர் காலத்தின் குழப்பங்களுக்கெல்லாம் நூர்ஜஹானின் பேராசையே காரணம் எனச் சித்திரித்தன. தந்தைக்கு எதிராக மகன் நடத்திய கலகத்துக்கு அது வசதியான விளக்கமாகவும் அமைந்தது.

லாகூரில் இறுதி ஆண்டுகள்

புதிய பேரரசர் நூர்ஜஹானுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் வழங்கினார். அரசியலிலிருந்து முற்றிலும் விலகிய அவர், மகளுடன் லாகூரில் 18 ஆண்டுகள் வாழ்ந்தார். 1631ஆம் ஆண்டில் மும்தாஜ் மஹால் புர்ஹான்பூரில் மறைந்த செய்தியும், ஆக்ராவில் அவருக்காகத் தாஜ்மஹால் எழும் செய்தியும் அவரை எட்டியிருக்கும். 1641ஆம் ஆண்டில் ஆசஃப் கானும் காலமானார்.

1645ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, தமது 68ஆவது வயதில் நூர்ஜஹான் மறைந்தார். லாகூரின் ஷாதராவில் தாமே கட்டிய கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். லாட்லியின் உடலும் அங்கேயே உள்ளது. ஜஹாங்கீரும் ஆசஃப் கானும் அதே ஷாதராவில் அருகருகே துயில்கின்றனர். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் போடப்பட்ட ரயில் பாதை, நூர்ஜஹானின் கல்லறையை அவர்கள் இருவரின் கல்லறைகளிலிருந்தும் பிரித்துவிட்டது. அதன் சுவர்களை அலங்கரித்த பளிங்கு சீக்கியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டது. பெற்றோருக்காக அவர் கட்டிய ஆக்ரா கல்லறை மட்டும் வெண்பளிங்கும் வண்ணக் கற்களுமாக இன்றும் யமுனைக் கரையில் நிற்கிறது.